எட்டாம் பெட்டி

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
வாக்கு எண்ணுகிறார்கள்.
அயர்லாந்தின் மேற்கு மூலை,
நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை.
இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள்.
தொடக்கூடாது. எட்டிப் பார்க்கலாம்,
பார்த்துக் கோடு கிழிக்கலாம்:
நான்கு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே.
முப்பத்தொரு வருடமாகக் கட்சிக்கு
நான் பார்க்கும் சம்பளமில்லாத உத்தியோகம்.

எதிர்க்கட்சிக்கு டிம்ப்னா ஃபாலன்.
இருவருக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்க் தேநீர்.
"வலது கற்றையை நீ பார், மாலக்கி,
இடது எனக்கு" என்கிறாள்.
வாக்குப் பதிவுக்கு மறுநாள்
பகைக்கு விடுமுறை.

எட்டாம் பெட்டி, டிரம்வேலா பள்ளிக்கூடம்.
முத்திரை உடைந்து
மேசையில் சரிகின்றன மடித்த தாள்கள்.
ஒரு சின்னப் பெண் ஒவ்வொன்றாய் விரித்து
முகம் மேலே தெரிய வைக்கிறாள்.
அவளுக்குக் காகிதம்.
எனக்கோ அது ஏரிக்கரைச் சாலை,
எந்த வாசலில் நாய் கடிக்கும் என்பது வரை.

இந்தப் பெட்டியில் எங்களுக்கு
இருநூற்றுப் பத்து விழுந்த காலம் உண்டு.
மின்கம்பம் நட்டது எங்கள் கட்சி.
முதல் பல்பு எரிந்த ராத்திரியில்
கூரையின் ஒட்டடை தெரிந்துவிட்டதே என்று
வெட்கப்பட்டார்களாம் டிரம்வேலாப் பெண்கள்.
அந்த வெளிச்சத்தை வைத்தே
மூன்று தலைமுறை வாக்கு வாங்கினோம்.
பிறந்த நாளிலிருந்தே விளக்கெரியும் வீட்டில்
விளக்குக்கு யார் நன்றி சொல்வார்கள்?

தபால் நிலையத்தை மூடியபோது
"டப்ளினில் பேசியிருக்கிறேன்" என்றார் ஃபெர்கல் டெவானி.
எங்கள் வேட்பாளர், நல்ல மனிதர்,
பேசியும் இருப்பார்.
சதுப்பில் கரி வெட்டத் தடை வந்தபோதும்
டப்ளினில் பேசியிருந்தார்.
அட்ராக்டாவின் கணவன் சாவுக்கு
மழையில் ஐம்பது மைல் வந்தார்.
கையைப் பற்றிக்கொண்டு
"பீடரைப் போல ஒருவர் இனிக் கிடையாது" என்றார்.
பெட்டிக்குள் கிடந்தவன் பெயர் பாட்ரிக்.
அட்ராக்டா ஒன்றும் சொல்லவில்லை.
கேக் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தாள்,
அவருக்கும்.
அந்த வீட்டில் ஆறு வாக்கு.

கோர்மக் என்றொருவன், பால் லாரி ஓட்டுகிறான்.
கட்சி இல்லை, கொள்கை இருக்கிறதா தெரியாது.
குழாய்கள் உறைந்த அந்தப் பதினோரு நாளும்
பால் தொட்டியைக் கழுவித்
தண்ணீர் நிரப்பி வந்தான்.
அப்போது அவன் வேட்பாளர்கூட இல்லை.

கோடுகள் விழுகின்றன.
கோர்மக், கோர்மக், டிம்ப்னாவின் ஆள், கோர்மக்,
எப்போதாவது ஃபெர்கல்.
பென்சிலுக்கு ஓய்வு கிடைக்கிறது எங்கள் பத்தியில்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிறது
கண் முன்னால், ஒரு மேசையின்மேல்,
யாரும் ஒரு கல்கூட எறியாமல்.

அப்புறம் அந்தத் தாள் விரிந்தது.
கோர்மக்குக்கு ஒன்று.
டிம்ப்னாவின் ஆளுக்கு இரண்டு.
ஃபெர்கலுக்கு மூன்று:
தலை தட்டையான மூன்று.
ஊரில் யாரும் அப்படிப் போடுவதில்லை.
டிம்ப்னா தாளைப் பார்த்தாள்.
என் அட்டையில், இன்றைய தேதியில்,
தலை தட்டையாய் நிற்கும் மூன்றைப் பார்த்தாள்.
பிறகு பிளாஸ்க்கைத் திறந்து
என் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினாள்.

நான் கோடு கிழித்தேன்.
கோர்மக்கின் பத்தியில், ஐந்தாவது, குறுக்கே.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டில்
எங்களுக்கு நாற்பத்தொன்று.
மதியம் ஃபெர்கல் வந்தார்,
புது டை, சவரம் செய்த இடத்தில் ஒரு வெட்டு.
"டிரம்வேலா எப்படி? அங்கே நம் ஆட்கள்
கைவிட மாட்டார்களே?"
அட்டையை நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"யார் இவர்களெல்லாம்?" என்றார்,
கோடுகளைக் காட்டி.

ஒன்பதாம் பெட்டியைத் தூக்கி வந்தார்கள்.
பென்சிலைச் சீவினேன்.